சுவருக்குள் மின்னல்

டியூப்லைட்டை மாற்றியாகிவிட்டது. ஸ்டார்ட்டரை மாற்றியாகிவிட்டது. சுவிட்சையும் மாற்றியாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஹாலின் இடது மூலையில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் வெட்டிவிட்டுப் போகவே, அரங்கநாதன் காபி டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"அடிச்சுது, பாத்தியா?"

"இன்னா அடிச்சுது?" என்றாள் அவர் மனைவி ஆதிலட்சுமி, முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே.

"ஸ்பார்க்குடி. சுவிட்ச் போர்டாண்ட. நீ குனிஞ்சிக்கினு இருந்த, அதான் தெரியல."

"நேத்து நிமுந்துக்கினுதான இருந்தேன்? நேத்தும்தான் தெரியல."

அரங்கநாதன் புதுச்சேரி மின்துறையில் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பாகூரில் அவர் எட்டிப் பார்க்காத மீட்டர் கிடையாது. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் போன ஒயர் ஒன்றையும் அவர் தொட்டது கிடையாது என்பது வேறு விஷயம். ஊர் அவரைக் 'கரண்ட் ஆபீஸ் சார்' என்றுதான் கூப்பிடும். கூப்பிட்டுக் கூப்பிட்டு, கரண்ட்டைப் பற்றித் தமக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவரும் நம்ப ஆரம்பித்துவிட்டார்.

"கண்ண வேணா ஒரு நட காட்டிக்கினு வந்துடுங்களேன்" என்றாள் ஆதிலட்சுமி.

"கண்ணையா? போன வருஷம்தான ஆபரேசன் பண்ணி இடது கண்ணுல புது லென்சு வெச்சிக்கினு வந்தேன்? பத்து வயசுப் பையன் கண்ணு மாதிரி இருக்குதுன்னு டாக்டரே சொன்னாரு."

"அப்ப எனக்கு ஏன் தெரியமாட்டேங்குது?"

"உன்னுது பழைய கண்ணு. இந்த ஸ்பார்க்கு இத்தினி வருஷமா அடிச்சிக்கினுதான் இருந்திருக்கும். எனக்குக் கண்ணு மங்கலா இருந்ததால தெரியல. இப்ப நல்லா இருக்குது, அதான் தெரியுது."

ஆதிலட்சுமி கீரையைப் பார்த்துக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அவரை உட்காரவைத்து நிதானமாகத்தான் சொன்னாள். கண்ணில் மின்னல் மாதிரி பளிச்சென்று அடித்தாலோ, கறுப்புப் புள்ளிகள் புதிதாக மிதந்தாலோ, ஓரத்தில் திரை போட்ட மாதிரி மறைத்தாலோ, வலி இல்லையே என்று இருந்துவிடாமல் அன்றைக்கே வரவேண்டும் என்றாள். அரங்கநாதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் கவனமெல்லாம் வாசலில் கிளம்பிக்கொண்டிருந்த பாகூர் பஸ்ஸின் மேல் இருந்தது. ஆதிலட்சுமியோ அப்போது மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அரங்கநாதன் மெயினை ஆஃப் செய்துவிட்டு, இருட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூலையைக் கவனித்தார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பளிச்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். அரங்கநாதனுக்கு வந்தது இன்வெர்ட்டர் மேல். அதையும் கழற்றிப் போட்டார். மறுபடியும் பளிச். சுவருக்குள்ளே கரண்ட் தேங்கி நிற்கிறது என்ற முடிவுக்கு வந்து, எலக்ட்ரீஷியன் அந்தோணிசாமிக்குப் போன் போட்டார்.

அந்தோணிசாமி மறுநாள் காலையில் வந்தான். தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி, தோளில் கருவிப் பை. எந்த வீட்டிலும் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன்பு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான். முகத்துக்கு முன்னால் ஒரு கொசுவை விரட்டிவிட்டு, ஜன்னலைச் சாத்தச் சொன்னான். இருவரும் இருட்டில் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள்.

"அடிச்சுது!" என்றார் அரங்கநாதன்.

"ஆமா சார், பாத்தேன்!" என்றான் அந்தோணிசாமி.

அரங்கநாதனுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "கேட்டியாடி? வேல தெரிஞ்சவன் கண்ணுக்குத் தெரியுது."

"ஆனா சார், நான் பாத்தது வலது பக்க மூலையில."

"நான் பாத்தது இடது பக்கமாச்சே?"

அந்தோணிசாமி சுவரை விரலால் தட்டிப் பார்த்தான். "லைனு இங்கேர்ந்து அங்க ஓடுது சார். இங்க அடிச்சிட்டு அங்க போய் அடிக்குது. இந்தப் பக்கம் எல்லா வூட்லயும் ஒயரிங்கு போச்சு சார். ஏரிக் காத்து ஈரம் இல்ல? எதிர்வூட்டு மகாலட்சுமியக்கா வூட்ல போன மாசம்தான் மொத்தமா மாத்துனேன்."

இடது மூலைக்கும் வலது மூலைக்கும் நடுவில் இருப்பது முழுச் சுவர். முழுச் சுவரையும் உடைப்பது என்று முடிவாயிற்று.

வில்லியனூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் மகள் சுவேதா சாயங்காலம் வீடு திரும்பியபோது, ஹால் முழுவதும் செங்கல் தூள். டி.வி. மேல் போர்வை. ஃபிரிட்ஜ் நடுவீட்டில் ஒயர் இல்லாமல் நின்றது. பனித்திட்டிலிருந்து வரும் மீன்காரம்மாவிடம் காலையில் வாங்கி உள்ளே வைத்த வஞ்சிரம், தான் அங்கே இருப்பதை வாசல் வரைக்கும் தெரிவித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, இது இன்னாப்பா?"

"ஒயர உருவிட்டோம். உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்குது. அதான் எனக்கு பயமா இருக்குது."

"நல்லா இருந்தா எதுக்குப்பா பயம்?"

"கோளாறு எங்கன்னே தெரியலயே!"

சுவேதா அம்மாவைப் பார்த்தாள். ஆதிலட்சுமி மூக்கைப் பொத்திக்கொண்டு மீனை எடுத்துக் கொல்லைப்பக்கம் போனாள். அங்கே பூனை அவளுக்காகக் காத்திருந்தது.

"அந்த அந்தோணிக்கு வேல வேணும்பா. நீ இன்னா சொன்னாலும் ஆமான்னுதான் சொல்லுவாரு" என்றாள் சுவேதா.

"சீ, அப்படிச் சொல்லாத. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவன்."

அடுத்த நாள் கொசுத் தொல்லை சேர்ந்துகொண்டது. கறுப்பாக, பொடிப்பொடியாக, சில நூல் மாதிரி சுருண்டும், அரங்கநாதனின் முகத்துக்கு நேராகவே பறந்தன. கையை வீசினால் விலகும். கையை இறக்கினால் வந்துவிடும். சுவரை உடைத்ததில் வீட்டுக்குள் கொசு புகுந்துவிட்டது என்றார். கொம்யூன் பஞ்சாயத்துக்குப் போய், ஏரி நிறைந்ததிலிருந்து கொசு அதிகமாகிவிட்டது என்று புகார் சொல்லிவிட்டு வந்தார். மத்தியானமே கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டி வந்தது. தெருவே கண் தெரியாமல் இருமியது. புகை அடங்கி எல்லோரும் வெளியே வந்தபோது, அரங்கநாதனின் கொசுக்கள் மட்டும் கொஞ்சமும் குறையாமல் பறந்துகொண்டிருந்தன.

கொசு பேட் வாங்கினார். அதை வீசினால் ஒரு கொசுவும் சடசடக்கவில்லை. காலண்டர் விழுந்தது. ரசச் சட்டி கவிழ்ந்தது. இருமிக்கொண்டே நியாயம் கேட்க வந்த பக்கத்து வீட்டுத் தணிகைவேல் வாசல்படியில் நின்றபோது, அவன் வழுக்கைத் தலையில் ஒரு பெரிய கறுப்புக் கொசு உட்கார்ந்திருந்தது.

"ஆடாத தணிகை."

"இன்னா மாமா?"

"ஆடாதன்றேன்ல?"

பட்டென்று விழுந்தது.

"மாமா, அது என் தல!" என்று தணிகைவேல் இரண்டடி பின்னால் பாய்ந்தான். கரும்பும் நெல்லும் வைத்துப் பிழைக்கிறவன். லேசில் கோபப்படாதவன். "புகை வண்டிய வரவெச்சது நீங்கதான? என் மாட்டுக்கு மூச்சு முட்டுது. நேத்து பூரா செவுத்த ஒடச்சீங்க, என் வூட்டு சாமி படம் எல்லாம் கீழ வுழுந்துச்சு."

உடைத்த சுவர் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர். அரங்கநாதன் அந்தச் சுவரைப் பார்த்தார். பிறகு தணிகைவேலைப் பார்த்தார். அவர் மனத்தில் எல்லாம் தெளிவாகிவிட்டது.

"என் வூட்ல மெயின் ஆஃபு. இன்வெர்ட்டரு இல்ல. ஒயரே இல்ல. அப்பவும் அடிக்குதுன்னா எங்கேர்ந்து வருது? உன் வூட்டு கரண்ட்டு என் செவுத்துல ஒழுவுது."

"ஒழுவறதுக்கு அது இன்னா தண்ணியா?"

"நான் கரண்ட் ஆபீஸ்ல இருந்தவன். எனக்கே சொல்றியா?"

"நீங்க மீட்டர்ல நம்பர் பாத்தவரு மாமா."

இதைத் தணிகைவேல் சொல்லியிருக்கக் கூடாது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாரும் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அரங்கநாதனின் முகம் சிறுத்துப் போயிற்று. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பொதுச் சுவரில் பொந்து இருந்ததால் இரண்டு வீட்டுக் குழம்பு வாசனை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் காற்றோடு மழை பிடித்தது. எங்கேயோ மரக்கிளை கம்பியில் விழுந்து பாகூர் முழுவதும் கரண்ட் போனது. ஊரே சலித்துக்கொண்டது. அரங்கநாதன் மட்டும் கைதட்டினார்.

"அந்தோணிய வரச்சொல்லு! தணிகையையும் கூப்புடு! இப்ப அவன் வூட்லயும் கரண்ட்டு இல்ல. இப்ப அடிக்கலன்னா, அது அவனுதுதான்."

சுவேதா போய் இரண்டு பேரையும் கூட்டி வந்தாள். தணிகைவேல் முறைத்துக்கொண்டு வந்தான். தலையில் துண்டைக் கட்டியிருந்தான். எல்லோரும் உடைந்த சுவருக்கு முன்னால், இருட்டில், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அரங்கநாதன் தலையை மெதுவாகத் திருப்பினார்.

பளிச்.

"அடிச்சுது!" என்று கத்தினார்.

"எனக்குத் தெரியல" என்றாள் ஆதிலட்சுமி.

"எனக்கும் தெரியல" என்றான் தணிகைவேல்.

"எனக்குத் தெரிஞ்சுது சார்!" என்றான் அந்தோணிசாமி.

"பாத்துக்கோ!" என்றார் அரங்கநாதன். சொன்ன பிறகுதான், தணிகைவேல் வீட்டிலும் கரண்ட் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. ஊரிலேயே கரண்ட் இல்லை. அவர் தயங்கியது ஒரு கணம்தான்.

"இது நம்ம கரண்ட்டே இல்ல" என்றார். "தமிழ்நாட்டு கரண்ட்டு."

"இன்னா மாமா?"

"பார்டர் எவ்ளோ தூரத்துல இருக்குது? கடலூர் பக்கத்துலேர்ந்து மண்ணுக்குள்ளயே வந்து இங்க ஒழுவுது."

யாரும் சிரிக்கவில்லை. அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று சிரிக்கவிடவில்லை. சுவேதா மெழுகுவர்த்தியை ஏற்றி ஸ்டூலில் வைத்தாள்.

"அந்தத் திரைய கொஞ்சம் தள்ளும்மா. இந்தப் பக்கம் மறைக்குது" என்றார் அரங்கநாதன், இடது கையால் காற்றை விலக்கிக்கொண்டே.

"எந்தத் திரப்பா?"

"தோ, இதான். காலையிலேர்ந்து மறைச்சிக்கினே இருக்குது."

ஆதிலட்சுமி மெழுகுவர்த்தியைத் தூக்கி ஜன்னலைக் காட்டினாள். "திரையெல்லாம் நேத்தே அவுத்து ஊறப்போட்டுட்டேங்க. தூசின்னு."

சுவேதா அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, ரெண்டு கண்ணையும் மூடு."

"எதுக்கு?"

"மூடேம்ப்பா. மூடிக்கினே தலைய திருப்பு."

அரங்கநாதன் கண்ணை மூடிக்கொண்டார். தலையைத் திருப்பினார். இன்னொரு தரமும் திருப்பினார்.

"அடிச்சுதாப்பா?"

"அடிச்சுது" என்றார் சின்னக் குரலில்.

"கண்ண மூடினா செவுரு தெரியுமாப்பா?"

அரங்கநாதன் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு தணிகைவேலைப் பார்த்தார். தணிகைவேலின் முகத்தில் பாதியைக் காணோம். பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே தலையாட்டிய நாளும், அந்த நர்ஸ் சொன்ன மின்னலும் புள்ளியும் திரையும் அப்போதுதான் வரிசையாக அவர் நினைவுக்கு வந்தன. பேட்டால் அடித்தது, பொதுச் சுவரை உடைத்தது எல்லாம் மறந்துபோய், பயம் மட்டும் மிஞ்சியது. இந்த வயதில் ஒரு கண் போய்விட்டால் திரும்பி வராது.

"ஆதி," என்றார். "கண்ணுதான்டி."

தணிகைவேல் துண்டை அவிழ்த்து உதறினான். "என் லோடு வண்டி வாசல்லதான் நிக்குது. ஏறுங்க மாமா."

"இந்த மழையிலயா?"

"கரண்ட்டு கடலூர்லேர்ந்து நடந்து வருதுன்றீங்க, வண்டி புதுச்சேரிக்குப் போவாதா?"

கண் ஆஸ்பத்திரியில் அந்த நேரத்திலும் ஒரு டாக்டரம்மா இருந்தாள். சொட்டு மருந்து விட்டு, கண் விரிந்த பிறகு வெளிச்சம் அடித்து வெகு நேரம் பார்த்தாள்.

"மின்னல் எப்பலேர்ந்து தெரியுது?"

"டியூப்லைட்டு மாத்தறதுக்கு முன்னாலேர்ந்தே" என்றார் அரங்கநாதன்.

டாக்டரம்மா சுவேதாவைப் பார்த்தாள். சுவேதா தரையைப் பார்த்தாள்.

"உங்க விழித்திரை கிழிஞ்சிருக்கு. மின்னல் மாதிரி தெரிஞ்சது அதுதான். கிழிஞ்ச எடத்துலேர்ந்து இப்ப பிரிஞ்சு வர ஆரம்பிச்சிடுச்சு, அதான் திரை மாதிரி மறைக்குது. முதல் நாளே வந்திருந்தா லேசர் வெச்சு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இப்ப ஆபரேஷன்தான். நடுப்பகுதி இன்னும் பிரியல. அது பிரிஞ்சிருந்தா நான் இவ்வளவு நம்பிக்கையா பேசியிருக்க மாட்டேன்."

"காப்பாத்திடலாங்களா?"

"நல்லா வரணும்னுதான் பாக்கறோம். காலையில முதல் ஆளா எடுத்துக்கறேன்."

ஆதிலட்சுமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வந்த வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த அழுகை அது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குள் வாயு அடைத்திருந்தார்கள். அது விழித்திரையைக் கண்ணின் உட்சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால், டாக்டரம்மா சொல்லும்வரை குப்புறப் படுத்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும். ஊரெல்லாம் தலை நிமிர்ந்து நடந்த கரண்ட் ஆபீஸ் சார், வார்டில் கட்டில் விளிம்புக்கு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டு, வருகிறவர்களை ஒற்றைக் கண்ணால் கால்களை வைத்து அடையாளம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். மெட்டி போட்ட கால் ஆதிலட்சுமி. ஷூ போட்ட கால் மகள். வரப்புச் சேறு காயாத கால் ஒன்று வந்து நின்றது.

"தணிகை."

"எப்படி இருக்குது மாமா?"

"உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும், முடியல. உன் காலப் பாத்தே சொல்றேன். மன்னிச்சுடுய்யா."

"காலப் பாத்து மன்னிப்பு கேட்டா பாக்கறவங்க வேற மாதிரி நெனச்சுக்குவாங்க. படுங்க."

"செவுத்த நானே பூசிக் குடுத்துடறேன்."

"நீங்க ஒண்ணையும் தொடாம இருந்தா போதும் மாமா" என்றான் தணிகைவேல். அவன் குரல் சிரித்தது. அரங்கநாதனுக்கு மனசு லேசாயிற்று. வெட்கப்பட வேண்டியதற்கெல்லாம் படுத்துக்கொண்டே வெட்கப்பட்டு முடித்துவிட்டார். ஒரே ஒரு கணக்குத்தான் பாக்கி இருந்தது.

அது மத்தியானம் வந்தது. ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள். பக்கத்தில் கருவிப் பை இறங்கியது. அதன் மேல் ஒரு பிரட் பாக்கெட்.

"சார், அந்தோணி வந்திருக்கேன். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் வரேன்."

அரங்கநாதன் அந்தக் கால்களை வெகு நேரம் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. சுவேதா அன்றைக்கே சொன்னாளே, நம்பாமல் போனோமே என்ற ஆற்றாமை.

"உக்காரு அந்தோணி. உன்னை ஒண்ணு கேக்கணும். எனக்குக் கண்ணு கிழிஞ்சிருந்துது, மின்னல் தெரிஞ்சுது. என் பொண்டாட்டி தெரியலன்னா. தணிகை தெரியலன்னான். நீயும் தெரியல சார்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னிக்கே எனக்கு சந்தேகம் வந்திருக்கும், அன்னிக்கே இங்க வந்திருப்பேன். வேல கெடைக்கும்னு எதுக்குய்யா பொய் சொன்ன?"

கால்கள் அசையவில்லை. பிறகு மெதுவாக ஒரு அடி பின்னால் நகர்ந்தன. முகத்தைப் பார்க்க முடியாவிட்டாலும், அந்தோணிசாமிக்கு மனசு புண்பட்டுவிட்டது என்று அரங்கநாதனுக்குத் தெரிந்தது.

"நான் ஏன் சார் பொய் சொல்லப்போறேன்? மகாலட்சுமியக்கா வூட்ல அடிச்சுது, உங்க வூட்ல அடிச்சுது, தோ, இந்த ஆசுபத்திரியிலயும் நான் உள்ள வந்ததுலேர்ந்து வலது பக்க மூலையில அடிச்சிக்கினேதான் இருக்குது. இங்க ஒயரிங்கு யாரு சார் பாக்கறாங்க?"